ஷகீராவின் சிறந்த பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷகீராவின் பாடல்களில் மிகச் சிறந்தது எது?

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், 1998இல் வெளிவந்த ‘இனெவிதாப்லே’ என்பதே என் விடை. ‘தவிர்க்க முடியாதது’ என்று அதற்குப் பொருள். ‘வாக்கா வாக்கா’ என்ற உலகக் கோப்பைப் பாடலை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இந்த விடை ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஷகீராவை முதன்மையாகப் பாடல் எழுதுபவராகப் பார்ப்பவர்கள் இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார்கள்.

பாடல் ஒரு வாக்குமூலமாகத் தொடங்குகிறது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், எனக்குக் காப்பி போடத் தெரியாது, கால்பந்தும் புரியாது, ஒருமுறை துரோகமும் செய்திருக்கிறேன் போலிருக்கிறது, பார்க்கேஸ்கூட ஒழுங்காக ஆட வராது, கைக்கடிகாரம் கட்டுவதே இல்லை என்று ஒரு பெண் அடுக்கிக்கொண்டே போகிறாள். பார்க்கேஸ் என்பது கொலம்பிய வீடுகளில் கட்டை உருட்டி ஆடும் ஆட்டம். இந்தியப் பச்சீசியின் வழியில் வந்தது, நம் தாயத்துக்கும் தூரத்து உறவு. காப்பிக்குப் பேர்போன நாட்டில் பிறந்த பெண், காப்பி போடத் தெரியாது என்பதை முதல் குற்றமாக ஒப்புக்கொள்வதில் ஒரு குறும்பு இருக்கிறது. இரண்டாம் சரணத்தில் பட்டியல் இன்னும் கீழே இறங்குகிறது: பத்து மணிக்கு முன்னால் தூங்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்க மாட்டேன், மாதம் ஒருமுறை அழுவேன், குளிர்காலத்தில் கூடுதலாக. இத்தனை அற்பமான விஷயங்களைச் சொல்லிக்கொண்டே வந்து, மழை பெய்வதைப் பார்த்துப் பார்த்து வானமே களைத்துவிட்டது, ஒவ்வொரு நாளும் நேற்றைப் போலவே கழிகிறது, உன்னை மறக்க ஒரு வழியும் தெரியவில்லை என்று பல்லவியில் குரலை உயர்த்தும்போது, அதுவரை மெதுவாக மீட்டப்பட்ட கிடார் முழு ராக் ஒலியாக வெடிக்கிறது. சின்னச் சின்ன உண்மைகளைச் சொல்லிக் கேட்பவரின் நம்பிக்கையைப் பெற்ற பிறகே பெரிய உண்மையை வெளியில் விடும் இந்த முறைதான் அவருடைய எழுத்தின் தனிச்சிறப்பு.

அந்தக் கால்பந்தையும் கைக்கடிகாரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவை இரண்டும் திரும்பி வருகின்றன.

ஷகீரா எந்த நாட்டவர்? பெயர் அரபுப் பெயராக இருக்கிறதே?

ஷகீரா இசபெல் மெபாரக் ரிபோல் 1977 பிப்ரவரி 2 அன்று கொலம்பியாவின் கரீபியக் கடற்கரை நகரமான பர்ரங்கீயாவில் பிறந்தார். தந்தை லெபனான் வழி வந்தவர், தாய் கொலம்பியர். ‘ஷகீரா’ என்ற அரபுச் சொல்லுக்கு ‘நன்றியுடையவள்’ என்று பொருள். அவருடைய பாடல்களில் கிழக்கத்திய மெட்டும் கரீபியத் தாளமும் ராக் கிடாரும் ஒன்றாகக் கிடப்பதற்கு விளக்கம் இந்த ஊரிலும் இந்தக் குடும்பத்திலும் இருக்கிறது.

பாடல்களை அவரே எழுதுகிறாரா?

ஆம். பெரும்பாலும் வேறு ஒருவருடன் சேர்ந்து எழுதினாலும், வரிகளில் அவருடைய கை தெளிவாகத் தெரியும். எட்டு வயதில் எழுதிய முதல் பாட்டின் பெயர் ‘உன் கறுப்புக் கண்ணாடி’. அவருடைய அண்ணன் முறையான ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த பிறகு, அழுத கண்களை மறைக்கத் தந்தை பல ஆண்டுகள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்தாராம். அதைப் பார்த்து எழுதிய பாட்டு அது. இழப்பை நேராகச் சொல்லாமல், அதை மூடி வைத்திருக்கும் பொருளைப் பற்றிப் பாட வேண்டும் என்று ஒரு குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

புதிதாகக் கேட்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

1995இல் வந்த ‘பியேஸ் தெஸ்கால்சோஸ்’ ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். ‘வெறுங்கால்கள்’ என்று பொருள். இதற்கு முன் 1991இலும் 1993இலும் வந்த இரண்டு ஆல்பங்கள் ஓடவில்லை. பதின்வயதில் செய்த பயிற்சி என்று அவற்றை விட்டுவிடுவதில் தவறில்லை. தந்தையின் தொழில் நொடித்து வீட்டுப் பொருள்களெல்லாம் விற்கப்பட்ட நாள்களில், இவர் மனம் சோர்ந்திருந்ததைக் கண்ட தந்தை, ஊர்ப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, செருப்பில்லாமல் போதைக்காகப் பசை முகர்ந்து கிடந்த அநாதைச் சிறுவர்களைக் காட்டினார் என்று ஷகீரா பலமுறை சொல்லியிருக்கிறார். ஆல்பத்தின் பெயரையே, ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக 1997இல் அவர் தொடங்கிய அறக்கட்டளையும் தாங்கி நிற்கிறது.

இந்த ஆல்பத்தில் இரண்டு பாடல்கள் முக்கியமானவை. முதலாவது ‘எஸ்தோய் ஆக்கி’, அதாவது ‘இங்கேதான் இருக்கிறேன்’. பிரிந்துபோனவனின் புகைப்படங்களுக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் நடுவே மூச்சுத் திணறும் ஒரு பெண்ணின் பாட்டு. பல்லவியில் சொற்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, மூச்சு விட இடமில்லாமல் வருகின்றன. சேர்ந்து பாட முயன்றவர்கள் பாதி வழியில் நாக்கு குழறி நின்றுவிடுவார்கள்.

இரண்டாவது ‘அந்தோலொஹியா’. தமிழில் ‘தொகைநூல்’ என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். காதலன் தனக்குக் கற்றுக்கொடுத்தவற்றை ஒரு பெண் தொகுத்துச் சொல்கிறாள்: ஒரு ரோஜாவுக்கு என்ன பொருள் என்பதை, வேளைகெட்ட வேளையில் சந்திப்பதற்காகத் தீங்கில்லாத பொய் சொல்வதை, சொல்லுக்குப் பதிலாகப் பார்வையை வைப்பதை. இப்படி எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவன், உன் அன்பில்லாமல் எப்படி வாழ்வது என்ற கடைசிப் பாடத்தை மட்டும் மறந்துவிட்டான் என்கிறாள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் இன்றும் கச்சேரிகளில் கூட்டமே முழுப் பாட்டையும் பாடிவிடும். ஷகீரா ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

‘திருடர்கள் எங்கே?’ என்று ஓர் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தது ஏன்?

பொகோட்டா விமான நிலையத்தில் புதிய பாடல்களின் வரிகள் இருந்த பெட்டி திருடுபோனதால். 1998இல் வந்த ‘தோந்தே எஸ்தான் லோஸ் லத்ரோனேஸ்’ என்ற அந்த ஆல்பத்தை அவர் மறுபடியும் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ‘இனெவிதாப்லே’ இடம்பெற்றிருப்பதும் இதில்தான். ஒரு ஆல்பத்தை மட்டும் வாங்கலாம் என்றால் இதையே வாங்குங்கள்.

இதன் கடைசிப் பாடலான ‘ஓஹோஸ் அசி’ (‘இப்படிப்பட்ட கண்கள்’) தனியாகச் சொல்லத்தக்கது. பஹ்ரைனிலிருந்து பெய்ரூட் வரை போனேன், வடக்கிலிருந்து தென் துருவம் வரை அலைந்தேன், உன் கண்களைப் போன்ற கண்களை எங்கும் காணவில்லை என்று ஸ்பானிஷில் பாடிக்கொண்டு வருபவர், நடுவில் அரபு மொழிக்கு மாறி வானத்து இறைவனை அழைக்கிறார். பெய்ரூட் என்ற பெயர் ஓசைக்காக வந்து விழுந்ததாகத் தோன்றினாலும், தந்தை வழியில் அது அவருடைய பூர்விக நாட்டின் தலைநகரம். முதன்முதலாக 2000இல் வழங்கப்பட்ட லத்தீன் கிராமி விருதுகளில் ஒன்று இந்தப் பாடலுக்காக அவருக்குக் கிடைத்தது.

ஆங்கிலப் பாடல்களைக் கேட்பதா, ஸ்பானிஷ் பாடல்களைக் கேட்பதா?

இரண்டும் இருக்கும் இடத்தில் ஸ்பானிஷைக் கேட்பதே நல்லது. பொருள் புரியாவிட்டாலும்கூட.

2001இல் உலகம் முழுவதும் ஓடிய ‘வென்எவர், வேர்எவர்’ பாடலுக்கு ‘சுவெர்த்தே’ (‘அதிர்ஷ்டம்’) என்று ஸ்பானிஷ் வடிவமும் உண்டு. ஆங்கில வடிவம் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் ஆறாம் இடம் வரை போயிற்று. அதன் வரிகளில் கியூபாவில் பிறந்த பாடகி குளோரியா எஸ்தெஃபானுக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் எழுதத் துணிந்தபோது ஷகீரா எதுகை அகராதிகளை வாங்கி வைத்துக்கொண்டு, வால்ட் விட்மனையும் லியோனார்ட் கோஹனையும் படித்தாராம். அதனால்தானோ என்னவோ, என் மார்பு சிறியது என்பதில் ஒரு நன்மை, நீ அதை மலை என்று தவறாக எண்ண மாட்டாய் என்ற புகழ்பெற்ற வரி ஆங்கிலக் காதுகளுக்கு விசித்திரமாகப் பட்டது. பல விமர்சகர்கள் சிரித்தார்கள். ஸ்பானிஷில் கேட்டால், தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் ஒருத்தியின் இயல்பான பேச்சு அது. சிரிக்க வைப்பதற்காகத்தான் எழுதப்பட்டது.

இந்தப் பாட்டில் கேட்கும் குழலும் சரங்கோ என்ற சிறிய நரம்புக் கருவியும் ஆண்டீஸ் மலைநாட்டு இசையைச் சேர்ந்தவை. கடற்கரைப் பெண் மலைக்காரர்களின் குழலை எடுத்து ஊதியிருக்கிறார். லத்தீன் அமெரிக்கா என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணும் வெளியாருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. கொலம்பியர்களுக்கு உடனே தெரியும்.

‘ஹிப்ஸ் டோண்ட் லை’ அவருடைய சொந்தப் பாட்டா?

பாதி. ஹைட்டியில் பிறந்த பாடகர் வைக்ளிஃப் ஷான், தான் முன்பு செய்திருந்த ஒரு பாடலை எடுத்து, ஷகீராவுடன் சேர்ந்து புதிதாக்கினார். தொடக்கத்திலேயே காதைப் பிடித்து இழுக்கும் அந்த டிரம்பெட் ஒலி, போர்த்தோ ரிக்கோவின் சல்சா பாடகர் ஜெர்ரி ரிவேராவின் 1992ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. 2005இல் வந்த ஆங்கில ஆல்பத்தின் முதல் பதிப்பில் இந்தப் பாடல் கிடையாது. அடுத்த ஆண்டு மறுபதிப்பில் சேர்க்கப்பட்டு, 2006 ஜூனில் பில்போர்ட் ஹாட் 100இல் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் ஷகீரா முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை.

இரவல் வாங்கியவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கேட்டால், பர்ரங்கீயா என்று சொல்வேன். சாம்பல் புதனுக்கு முந்தைய நான்கு நாள்கள் அந்த ஊரே தெருவில் ஆடும். அந்தக் கார்னிவலின் முகமூடிகளும் வேடங்களும் பாடலின் காணொளி முழுவதும் வருகின்றன. நீண்டு தொங்கும் மூக்கும் பெரிய காதுகளும் உடைய மரிமோந்தா முகமூடியைக் கவனியுங்கள். ஊரின் பணக்காரர்களைக் கேலி செய்வதற்காக ஏழைகள் கண்டுபிடித்த வேடம் அது. ‘பர்ரங்கீயாவில் இப்படித்தான் ஆடுவார்கள்’ என்று பாட்டுக்குள்ளேயே ஸ்பானிஷில் ஒரு குரல் வருகிறது. அதே 2006இல் எம்டிவி விருது விழாவில் இந்தப் பாடலுக்கு இந்தி சினிமா பாணியில் நடனம் அமைத்துக் கொடுத்தவர் நம் ஃபரா கான்.

‘வாக்கா வாக்கா’ ஆப்பிரிக்கப் பாடலைத் திருடியது என்கிறார்களே?

மூலம் ஆப்பிரிக்காவுடையது என்பது உண்மை. கேமரூனின் ‘கோல்டன் சவுண்ட்ஸ்’ குழு 1986இல் வெளியிட்ட ‘சங்கலேவா’ என்ற பாடலின் பல்லவிதான் 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைப் பாடலின் பல்லவியும். அந்தக் குழுவினர் கேமரூன் ஜனாதிபதியின் காவல் படையில் இருந்தவர்கள். பட்டாளத்துக்காரர்கள் தங்கள் பாடுகளைத் தாங்களே நொந்து பாடும் நடைப்பாட்டு அது. ‘உன்னை யார் அழைத்தது?’ என்பது போன்ற கேள்வி அதில் வரும். டொமினிக்கன் குடியரசின் ஒரு பெண்கள் குழுவும் ஷகீராவுக்கு முன்பே அந்த மெட்டைப் பாடியிருக்கிறது. கரீபியக் கரைகளில் ஆப்பிரிக்க இசைத்தட்டுகள் பல்லாண்டுகளாகச் சுற்றி வருகின்றன. அந்தக் கரைக்காரருக்கு இந்த மெட்டு தற்செயலாகக் கிடைத்திருக்க வேண்டியதில்லை.

பின்னர் மூலக் குழுவினருடன் உடன்பாடு ஏற்பட்டது. தொடக்கத்திலேயே அவர்கள் பெயரை உரக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தென்னாப்பிரிக்காவின் ‘ஃப்ரெஷ்லிகிரவுண்ட்’ குழு ஷகீராவுடன் சேர்ந்து பாடியிருக்கிறது. ஒரு விளையாட்டுப் போட்டிக்காக எழுதப்பட்ட பாட்டு, போட்டி முடிந்து இத்தனை ஆண்டுகளான பின்னும் குழந்தைகளின் வாயில் இருக்கிறது என்பது சிறிய காரியம் அன்று. வரிகளைப் பொறுத்தவரை அவருடைய சிறந்த பத்தில் இதற்கு இடம் தர மாட்டேன்.

‘லா தொர்தூரா’ ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது?

2005இல் வந்த இந்தப் பாடல் பில்போர்ட்டின் லத்தீன் பாடல் பட்டியலில் 25 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ‘சித்திரவதை’ என்பது தலைப்பின் பொருள். ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ சான்ஸ், ஃபிளமெங்கோவில் ஊறிய கரகரத்த குரலில், நான் புனிதன் இல்லைதான், ஆனால் சரிசெய்துவிடலாம் என்று கெஞ்சுகிறார். மனிதன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்ற விவிலிய வாக்கை எடுத்து, நானும் சாக்குப்போக்குகளைத் தின்று பிழைப்பதில்லை என்று ஷகீரா திருப்பி அடிக்கிறார். அழுவதற்கும் வெங்காயம் நறுக்குவதற்கும் வேறுபாடு தெரியாத மாதிரி, காணொளியில் அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடுவதையும் பார்க்கலாம். ரெகேடோன் தாளம் உலகைப் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் அதைத் தன் வழக்கமான வாய்ச்சண்டைக்குள் கொண்டுவந்து பொருத்தியதுதான் இந்தப் பாடலின் வெற்றி.

கார்சியா மார்க்கேஸுக்கும் ஷகீராவுக்கும் என்ன தொடர்பு?

இருவரும் கொலம்பியாவின் கரீபியப் பகுதிக்காரர்கள். நாவலாசிரியரான மார்க்கேஸ் 1999இல் ஷகீராவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவருடைய ‘காலரா காலத்தில் காதல்’ நாவல் 2007இல் திரைப்படமானபோது ஷகீரா அதற்குப் பாடல்கள் எழுதினார். அவற்றில் ‘தெஸ்பெதீதா’ (‘விடைபெறல்’) கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எனக்குப் பிடித்தது ‘ஆய் அமோரெஸ்’. மக்தலேனா ஆறு கடல் மணலில் கரைவதைப் போல உன்னில் கரைய வேண்டும் என்கிறது அது. அந்த ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில்தான் பர்ரங்கீயா இருக்கிறது. தன் வீட்டுப் பக்கத்து ஆற்றையே உவமையாக வைத்திருக்கிறார். பெரிய வெற்றி பெறாத பாடல், ஆனாலும் தேடிக் கேட்கலாம்.

பிற்காலப் பாடல்களில் கேட்க வேண்டியவை?

2016இல் கார்லோஸ் வீவெஸுடன் பாடிய ‘லா பிசிக்லேத்தா’ (‘மிதிவண்டி’). வீவெஸ் பக்கத்து ஊரான சாந்தா மார்த்தாக்காரர், வயெனாதோ என்ற அக்கார்டியன் இசையை நவீனமாக்கியவர். சாந்தா மார்த்தாவிலிருந்து ‘மணல் ஊர்’ என்று செல்லமாக அழைக்கப்படும் பர்ரங்கீயா வரை என்னை மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு போ என்று ஷகீரா கேட்கிறார். அந்த ஆண்டின் லத்தீன் கிராமியில் சிறந்த பாடல், சிறந்த ஒலிப்பதிவு ஆகிய இரண்டு விருதுகளும் இதற்கே. பாடலில் ஒரு வரி, அப்போது அவருடன் வாழ்ந்த கால்பந்து வீரர் ஹெராட் பிக்கேயைப் பற்றியது: எங்கள் தைரோனா கடற்கரையை ஒருமுறை காட்டிவிட்டால் அவர் பார்சிலோனாவுக்குத் திரும்பவே மாட்டார் என்கிறது. இன்று அந்த வரியைக் கேட்கும்போது சற்றுச் சங்கடமாக இருக்கும்.

2023இல் வந்த பாடலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பிக்கேயை விட்டுப் பிரிந்த பிறகு, அர்ஜென்டீனாவின் இசைத் தயாரிப்பாளர் பிசாராப்புடன் 2023 ஜனவரியில் வெளியிட்ட, பிசாராப்பின் எண்ணிட்ட பாடல் தொடரில் 53ஆம் எண் கொண்ட பாடலைத்தான் கேட்கிறீர்கள். மாமியாரைப் பக்கத்து வீட்டுக்காரியாகவும், வாசலில் பத்திரிகைக்காரர்களையும், வரிக் கடனையும் எனக்கு விட்டுவிட்டுப் போனாய் என்று ஒரே மூச்சில் கணக்குச் சொல்கிறார். பெயர்களை நேரடியாகச் சொல்லாமல் சிலேடையில் வைத்திருப்பதுதான் வேடிக்கை. ‘சல்பிக்கே’ என்றால் ‘தெறிக்க அடித்தேன்’ என்று பொருள். அந்தச் சொல்லைப் பாதியில் வெட்டி நிறுத்தி ‘பிக்கே’ என்ற பெயரைக் காதில் விழச் செய்கிறார். காளமேகப் புலவரை ரசித்துப் படித்தவர்களுக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் இனி அழுவதில்லை, பில் போட்டுக் காசு வாங்குகிறார்கள் என்ற வரி ஸ்பானிஷ் பேசும் உலகில் பழமொழி போலப் பரவியது. 2024இல் வந்த ஆல்பத்தின் பெயரே அந்த வரியின் முற்பாதிதான். பாடலுக்கு ஆண்டின் சிறந்த பாடலுக்கான லத்தீன் கிராமியும் கிடைத்தது. இசையாகப் பார்த்தால் மெல்லிய எலெக்ட்ரானிக் தாளம் ஒன்றைத் தவிர இதில் அதிகம் இல்லை. ஆனால் ரோலெக்ஸைக் கொடுத்துவிட்டு கேசியோவை வாங்கிக்கொண்டாய் என்ற வரியைக் கேட்கும்போது, கைக்கடிகாரமே கட்டுவதில்லை, கால்பந்தும் புரியாது என்று 1998இல் பாடிய அந்த இருபத்தொரு வயதுப் பெண்ணை நினைக்காமல் இருக்க முடியாது. கால்பந்தைப் புரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு.

அவருடைய குரல் சிலருக்குப் பிடிப்பதில்லையே?

பள்ளிப் பாடகர் குழுவில் சேர்க்க மறுத்த ஆசிரியர், குரல் ஆடு கத்துவது போலிருக்கிறது என்றாராம். ஷகீராவே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை. தொண்டையில் உடைந்து நடுங்கும் அந்த ஒலிதான் இன்று அவருடைய அடையாளம். 2020 பிப்ரவரி 2 அன்று, தன் 43ஆவது பிறந்த நாளில், மயாமியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் பாடியபோது, அவர் நாக்கைச் சுழற்றி எழுப்பிய ஒலியைப் பார்த்துப் பலர் கேலி செய்தார்கள். அது அரபுப் பெண்கள் திருமணங்களில் எழுப்பும் குலவை. நம் ஊர்க் குலவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது.

நேரடி ஒலிப்பதிவு ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

1999 ஆகஸ்டில் நியூயார்க்கில் பதிவுசெய்யப்பட்ட எம்டிவி அன்பிளக்டு கச்சேரி. பதினொரு பாடல்கள், அனைத்தும் ஸ்பானிஷ். சிறந்த லத்தீன் பாப் ஆல்பத்துக்கான கிராமி பெற்றது. ‘அந்தோலொஹியா’ இதில் இல்லாதது ஒரு குறை. ‘சியேகா, சோர்தோமூதா’ (‘குருடி, செவிட்டு ஊமை’) என்ற துள்ளலான பாடலுக்கு மெக்சிகோவின் மரியாச்சிக் குழு வந்து சேர்ந்துகொள்கிறது. அதை அடுத்து ‘இனெவிதாப்லே’. கடைசியில் ‘ஓஹோஸ் அசி’ தொடங்கும்போது ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.